மேக்புக்கில் டேலி ஓடும்; முதலில் டோக்கனைச் சோதித்துப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சி.ஏ. படிப்புக்கான பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். கையில் இருப்பது மேக்புக் ஏர்: எம்1 சிப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி இடம். அலுவலகத்தில் எல்லா வேலையும் டேலி என்ற கணக்கு மென்பொருளில். "இதில் டேலி ஓடாது, விண்டோஸ் லேப்டாப் வாங்கிக்கோ" என்று சீனியர் சொல்கிறார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரரோ, "இதைக் கொடுத்துட்டு 2019 இன்டெல் மேக்புக் ஏர் எடுத்துக்கோங்க, அதுல ரெண்டும் ஓடும்" என்கிறார். விண்டோஸ் போட்டால் மேக் கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. ஆர்டிகிள்ஷிப்பின் இரண்டு வருஷத்தையும் இந்த ஒரே மெஷினை வைத்து ஓட்டிவிடலாமா, இல்லை அப்பாவிடம் மறுபடியும் பணம் கேட்க வேண்டுமா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் 2007-இல் வாலர்ஸ் ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடந்த பல வருஷங்களாக தி. நகர், மயிலாப்பூர், சௌகார்பேட்டை பகுதிகளில் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் சிஸ்டம் பராமரிப்பது என் தொழில். சொல்வதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்துதான். கேம்ஸ், வீடியோ எடிட்டிங் பக்கம் நான் போனதில்லை; அதற்கு என் பதிலை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. விண்டோஸ் போடுவதால் உங்கள் மேக் கெடாது. டேலி அதில் ஓடும். இன்டெல் மேக்குக்கு மாறாதீர்கள். உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது: ஆன்லைனில் டிஜிட்டல் கையெழுத்துப் போட யூஎஸ்பியில் செருகும் டிஎஸ்சி டோக்கன். உங்கள் முடிவு உண்மையில் அதில்தான் தொங்குகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் சிப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆப்பிள் 2006 ஜனவரியில் இன்டெல் சிப் வைத்த மேக்குகளை விற்கத் தொடங்கியது. அதில் எப்படியாவது விண்டோஸ் எக்ஸ்பியை ஓட வைப்பவருக்கு என்று இணையத்தில் ஆர்வலர்கள் கைக்காசு போட்டு ஒரு பரிசுத் தொகை திரட்டினார்கள். 13,000 டாலரைத் தாண்டியது. மார்ச் மாதமே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில், 2006 ஏப்ரல் 5 அன்று, ஆப்பிளே பூட் கேம்ப் என்ற வசதியை வெளியிட்டது. ஒரே வட்டில் பாதி மேக், பாதி விண்டோஸ். ஆன் பண்ணும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் வருவார்கள். போட்டிக் கம்பெனியின் சிஸ்டம் அந்த வெள்ளி நிறப் பெட்டிக்குள் ஒரு குறையும் இல்லாமல் எழுந்து நிற்பதை முதல்முறை பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் எனக்குள் இருக்கிறது. அது அவ்வளவு சுலபமாக முடிந்ததற்கு ஒரே காரணம், இரண்டு சிஸ்டமும் ஒரே இன்டெல் சிப்பின் பாஷையைப் பேசியதுதான்.

2020 நவம்பரில் எம்1 வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. எம்1 பேசுவது ஏஆர்எம் பாஷை. எம்1 முதல் இன்று வரும் மேக்குகள் வரை எதிலும் பூட் கேம்ப் கிடையாது. உங்கள் சீனியர் "ஓடாது" என்று சொல்வது இதை மனதில் வைத்துத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. அதற்கப்புறம் மூன்று விஷயங்கள் மாறின. விண்டோஸுக்கே ஏஆர்எம் சிப்புக்கான வடிவம் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் அது இன்டெல் சிப்புக்காக எழுதிய 32 பிட், 64 பிட் மென்பொருள் இரண்டையும் மொழிபெயர்த்து ஓட்டுகிறது. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், எம்1, எம்2 மேக்குகளில் பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் 11 புரோ, என்டர்பிரைஸ் ஓட்டுவதை அதிகாரபூர்வமாக அங்கீகரித்தது. 2024 நவம்பரில் ஏஆர்எம் விண்டோஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைலைத் தன் தளத்திலேயே யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது.

பேரலல்ஸ் செய்வது பூட் கேம்ப் மாதிரி வட்டைப் பங்கு போடும் வேலை அல்ல. திருவல்லிக்கேணியில் பழைய வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் இருந்திருக்கிறீர்களா? ஒரே வீடு, ஒரே கிணறு. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அறை, தனிப் பூட்டு. விண்டோஸ் அப்படித்தான் உங்கள் மேக்கில் ஒரு போர்ஷனில் குடியிருக்கும். மேக்கின் பார்வையில் அந்த விண்டோஸ் முழுவதும் ஒரே ஒரு பெரிய ஃபைல். வேண்டாம் என்றால் அந்த ஃபைலை அழித்துவிட்டால் போதும், மேக் பழையபடி இருக்கும். கெட்டுப்போகுமா என்ற பயத்துக்கு இதுதான் பதில். கிணறு ஒன்றுதான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ரேமும் வட்டும் இரண்டு குடித்தனத்துக்கும் பொது.

டேலி ஓடுவது மொழிபெயர்ப்பில். அந்தக் காலத்தில் மதராஸில் கம்பெனிக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவில் துபாஷி நின்று பேசியது போல, இன்டெல் பாஷையில் எழுதிய டேலிக்கும் ஏஆர்எம் சிப்புக்கும் நடுவில் விண்டோஸ் நின்று பேசுகிறது. டேலி கனமான மென்பொருள் அல்ல. வவுச்சர் போடுவது, லெட்ஜர் பார்ப்பது, ஜிஎஸ்டி ரிப்போர்ட் எடுப்பது எதிலும் தாமதம் தெரியாது. நான் போட்டுக் கொடுத்த இடங்களில் டேலிபிரைம் மட்டுமல்ல, பழைய ஈஆர்பி 9-உம் ஓடுகிறது.

டோக்கன் விஷயத்தில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. துபாஷிக்கு இந்த வீட்டில் திண்ணை வரைதான் அனுமதி. சாதாரண மென்பொருள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவை; அவற்றை மொழிபெயர்க்கலாம். பிரிண்டர், டோக்கன், டாங்கிள் போன்ற சாமான்களை இயக்கும் டிரைவரோ சிஸ்டத்தின் உள்ளறைக்குள் போய் வேலை செய்வது. அங்கே மொழிபெயர்ப்பு நடக்காது. டிரைவரை ஏஆர்எம் விண்டோஸுக்கென்றே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஏறாது. சில டோக்கன்கள் பொதுவான ஸ்மார்ட் கார்டு முறையைப் பின்பற்றுவதால் விண்டோஸிலேயே இருக்கிற டிரைவரில் ஓடிவிடும். சில, தனக்கென்று ஒரு டிரைவர் கேட்டு அங்கேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி யூஎஸ்பி குச்சிதான். எனவே உங்கள் அலுவலகத்தில் புழங்கும் டோக்கனைச் செருகிப் பார்க்காமல், யார் சொன்னாலும், நான் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இதில் ஆறுதலான விஷயம், டோக்கன் விண்டோஸ் பக்கம் ஏறாவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. பல டோக்கன் கம்பெனிகள் மேக்குக்கே மென்பொருள் தருகின்றன. போர்ட்டலில் கையெழுத்துப் போடுவது பிரவுசர் வேலைதானே, அதை மேக் பக்கமே செய்து பார்க்கலாம். அப்புறம், எல்லாவற்றுக்கும் டோக்கன் தேவையும் இல்லை. தனிநபர் வியாபாரம், பார்ட்னர்ஷிப் போன்றவர்களின் ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி வழியாகவே முடித்துவிடலாம். கம்பெனி, எல்எல்பி என்றால்தான் டிஎஸ்சி. அலுவலகத்தில் கையெழுத்துக்கென்று ஒரு விண்டோஸ் சிஸ்டம் எப்படியும் இருக்கும். நீங்கள் வேலையைத் தயார் செய்துவிட்டு, கையெழுத்தை அந்த சிஸ்டத்தில் போடுவதாக முறை வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது. என் அனுபவத்தில் மேக் வைத்திருக்கும் ஆர்டிகிள்கள் பலரும் கடைசியில் இந்த ஏற்பாட்டுக்குத்தான் வருகிறார்கள்.

இன்டெல் மேக் யோசனையைப் பற்றி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பூட் கேம்ப் இருப்பதால் அதில் இரண்டும் ஓடும், டோக்கன் தகராறும் இருக்காது. ஆனால் பூட் கேம்ப் ஆதரிப்பது விண்டோஸ் 10 வரை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்பு அந்த மேக்குகளில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மேக் பக்கமும் இதே கதைதான். 2019 மேக்புக் ஏருக்கு 2023-இல் வந்த மேக்ஓஎஸ் சோனோமாதான் கடைசி. கொஞ்சம் உயர்ந்த சில இன்டெல் மாடல்களுக்கு மேக்ஓஎஸ் 26 கிடைத்தது. இன்டெல்லுக்கு அதுதான் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. பிறருடைய வரிக் கணக்கையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கப் போகிற மெஷினில் இரண்டு பக்கமும் இப்படிக் காலாவதியாவதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் எம்1 அதைவிட எவ்வளவோ நல்ல மெஷின். விட்டுக் கொடுக்காதீர்கள்.

சரி, போடுவதென்று முடிவு செய்தால் எதில் போடுவது? பேரலல்ஸ் வருஷச் சந்தா கட்ட வேண்டியது. ஆனால் விண்டோஸை இறக்கி நிறுவுவது வரை அதுவே பார்த்துக்கொள்ளும், சோதனைக் காலமும் உண்டு. விஎம்வேர் ஃபியூஷன் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும், தொழில் உபயோகத்துக்கும் சேர்த்து, இலவசம். அமைப்பதில் கொஞ்சம் கைவேலை அதிகம். யூடிஎம் என்று இன்னொன்று இருக்கிறது, இலவசம், ஆனால் திரை வேகம் குறைவு. உங்களுக்கு நான் சொல்வது: பேரலல்ஸ் சோதனைக் காலத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள், பிடித்து, பணமும் இருந்தால் அதிலேயே தொடருங்கள், இல்லையென்றால் ஃபியூஷன். விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் வைன், கிராஸ்ஓவர் போன்றவையும் உண்டு. எம்1-இல் அவை ஆப்பிளின் ரோசெட்டா என்ற மொழிபெயர்ப்பியை நம்பி நிற்பவை. மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு அந்த ரோசெட்டாவைப் பெருமளவு குறைத்துவிடப் போவதாக ஆப்பிள் சொல்லியிருக்கிறது. கணக்கு வேலையை அதன்மேல் கட்ட வேண்டாம்.

விண்டோஸ் ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தோ பேரலல்ஸ் வழியாகவோ மட்டும் எடுங்கள். கடைகளில் பென் டிரைவில் போட்டுத் தருவதையும் டெலிகிராமில் சுற்றுவதையும் தொடாதீர்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. லைசென்ஸும் அப்படித்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீ பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்ததிலிருந்து கசிந்தது. இன்று ஏற்றுக்கொள்ளும், ஒருநாள் ரத்தாகும். தணிக்கை வேலை செய்கிற இடத்தில் அது இருக்கவே கூடாது.

8 ஜிபி ரேம் விஷயத்தில் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். போதும், ஆனால் இறுக்கம். மேக்கில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருவதால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாராலும் கூட்டித் தர முடியாது. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் கேட்பது 4 ஜிபி, அதையே கொடுங்கள். மிச்சம் 4 மேக்குக்கு. குரோமை இரண்டு பக்கமும் திறந்து வைக்காதீர்கள். பிரவுசர், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் மேக்கில். விண்டோஸில் டேலியும் வருமான வரித்துறையின் ஆஃப்லைன் மென்பொருளும் மட்டும். இந்தக் கட்டுப்பாடு இருந்தால் ஓடும். வட்டில் 80 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். விண்டோஸ் ஃபைல் சிறியதாகத் தொடங்கி மாதாமாதம் வளரும். ஏரில் ஃபேன் கிடையாது என்பதால் சித்திரை வெயிலில் மெஷின் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத இடத்தில் மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதீர்கள், மேஜைமேல் வையுங்கள்.

டேலிக்காரர்களுக்கு கீபோர்டுதான் உயிர். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று விரல் தானாகப் போகும். மேக்கிலோ அந்தப் பொத்தான்கள் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் என்று வைத்திருப்பவை. கீபோர்டு செட்டிங்கில் அவற்றைச் சாதாரண எஃப் பொத்தான்களாக மாற்றிவிடுங்கள். ஆல்ட்டுக்கு ஆப்ஷன் பொத்தான். யூஎஸ்பி நம்பர் பேட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கும் டோக்கனுக்கும் சேர்த்து டைப்-சி ஹப் ஒன்றும். எண்களை மேல்வரிசையில் அடித்து ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்டை முடிப்பது கொடுமை.

அலுவலகத்தில் மல்டி யூசர் டேலி இருந்தால் நெட்வொர்க்கை பிரிட்ஜ்டு முறைக்கு மாற்றுங்கள். முதலில் போடும்போது விண்டோஸ், மேக்கின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது போல இருக்கும். ஆபீஸ் ரௌட்டருக்கு அதைத் தெரியாது. பிரிட்ஜ்டு ஆக்கினால் அதற்கென்று தனி ஐபி கிடைத்து, லைசென்ஸ் இருக்கும் சிஸ்டத்தோடு நேராகப் பேசும். அங்கே ஃபயர்வாலில் 9999 போர்ட் திறந்திருக்க வேண்டும். "டேலி எஜுகேஷன் மோடுக்குப் போயிடுச்சு" (லைசென்ஸ் கிடைக்காதபோது டேலி போய் நிற்கும் பயிற்சி நிலை) என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதில்தான் முடிகின்றன.

டேட்டா எங்கே இருக்கிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். பேரலல்ஸ் முதலில் நிறுவும்போது விண்டோஸின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் மேக்கின் அதே ஃபோல்டர்களோடு இணைத்துவிடும். மேக்கில் ஐகிளவுட் ஆன் செய்து, இடம் மிச்சப்படுத்தும் வசதியையும் இயக்கியிருந்தால், பழைய ஃபைல்கள் மேக்கிலிருந்து நீங்கி, ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டில் மட்டும் இருக்கும். டேலி டேட்டாவை டாக்குமென்ட்ஸில் வைத்திருந்த ஒரு பெண், கிளையன்ட் இடத்தில் நெட் இல்லாத குடோனில் உட்கார்ந்து, திறக்காத கம்பெனியைப் பார்த்துக் கண்கலங்கி எனக்கு போன் செய்தார். டேட்டா போகவில்லை, ஆனால் அன்றைய நாள் போய்விட்டது. அந்த இணைப்பை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். டேலி டேட்டா விண்டோஸின் சி டிரைவில் ஒரு தனி ஃபோல்டரில் இருக்கட்டும், தினமும் டேலியிலேயே பேக்கப் எடுத்து வெளி வட்டில் போடுங்கள். விண்டோஸின் அப்போதைய நிலையைப் பேரலல்ஸில் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. மெஷின் போனால் அதுவும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீரில் ஊறிய லேப்டாப்புகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களை நினைத்தால் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று தோன்றும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: விண்டோஸை மேக்கில் போடாமலே, அலுவலக விண்டோஸ் சிஸ்டத்தை மேக்கிலிருந்து ரிமோட்டில் பார்ப்பது. மைக்ரோசாஃப்ட்டே மேக்குக்கு அந்த ஆப் தருகிறது; அலுவலக சிஸ்டத்தில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும். அலுவலகத்துக்குள் இருக்கும்போது மிக நல்ல ஏற்பாடு. வீட்டிலிருந்து என்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு இல்லாமல் செய்யாதீர்கள். கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் ஒரு மொத்த வியாபாரி ஊரடங்கு சமயத்தில் ரௌட்டரில் இந்த ரிமோட் இணைப்புக்கான 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்தார். ஒருநாள் காலையில் எல்லாக் கம்பெனி டேட்டாவும் பூட்டிக் கிடந்தது, திறக்கப் பணம் கேட்டு ஒரு கடிதம். பேக்கப் டிரைவும் அதே சிஸ்டத்தில் செருகியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. ஆறு வருஷக் கணக்கை பில் புத்தகத்திலிருந்து மறுபடி ஏற்றினார்கள். அந்தக் கடைப் பையன்கள் இரவெல்லாம் உட்கார்ந்து அடித்ததை நான் கூட இருந்து பார்த்தேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மேக்கிலேயே இருக்கும் டைம் மெஷின் வசதியில் ஒருமுறை பேக்கப் எடுங்கள். ஒரு சனிக்கிழமை பேரலல்ஸ் சோதனை வடிவத்தைப் போட்டு, விண்டோஸ் 11 ஏற்றி, டேலிபிரைமை எஜுகேஷன் மோடில் திறந்து பாருங்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டாம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், ஆடிட்டர் சாரிடம் அனுமதி கேட்டு, டோக்கனைச் செருகிப் பாருங்கள்: முதலில் விண்டோஸ் பக்கம், ஏறாவிட்டால் மேக் பக்கம். பின் நம்பரைத் தெரியாமல் பலமுறை அடித்துவிடாதீர்கள், டோக்கன் பூட்டிக்கொள்ளும். மல்டி யூசர் லைசென்ஸையும் அன்றே பார்த்துவிடுங்கள். இதையெல்லாம் செப்டம்பரில் தொடங்க வேண்டாம். 30-ஆம் தேதி ஆடிட் ரிப்போர்ட் கெடுவை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் யாருக்கும் உங்களுக்கு உதவ நேரம் இருக்காது.

டோக்கன் ஏறவில்லை என்றால் அதன் உடம்பில் அச்சடித்திருக்கும் மாடல் பெயரையும், வந்த எர்ரர் வாசகத்தையும் அப்படியே இங்கே எழுதுங்கள். சீரியல் நம்பரை எழுத வேண்டாம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.